பந்தே தெரியாத வீடியோ

நானூற்றுச் சொச்சம் கல்யாணங்களை வீடியோ எடுத்தவர் அவர். ஊரில் எல்லாருக்கும் அவர் வீடியோக்காரர்தான். பெயர் சொல்லிக் கூப்பிட அக்கா ஒருத்திதான் உண்டு, அவளும் கோபம் வந்தால் மட்டும்தான் கூப்பிடுவாள். சாவி வெட்டும் கடைக்கு மேலே, மாடியில், ஒரே அறை ஸ்டூடியோ. ஒரு சுவரில் அருவிப் படம், எதிர்ச் சுவரை ஒட்டி கம்ப்யூட்டர். கீழே சாவி வெட்டும்போதெல்லாம் மேலே மேசை நடுங்கும். அதனால் முக்கியமான எடிட்டிங் வேலையெல்லாம் சாவிக்காரர் சாப்பிடப் போகும் மதிய நேரத்தில்தான்.

அப்படி ஒரு மதியம், மணமகனின் அத்தை கொட்டாவி விட்ட இடத்தை அவர் வெட்டிக்கொண்டிருந்தபோது அக்கா படியேறி வந்தாள். அவரைவிட எட்டு வயது மூத்தவள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். எங்கே பார்த்தாலும் முதல் காரியமாகத் தம்பியின் சட்டைக் காலரை நீவிவிடுவாள், பிறகுதான் பேச்சு. அன்று காலரைத் தொடவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

“இதைப் படி. ‘இலவசம்’னு பெரிசா போட்டிருக்கான்ல, அதை விட்டுட்டு மத்ததைப் படி.”

நகரத்தின் பெரிய கால்பந்துக் கிளப், பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்களுக்கு அகாடமி தொடங்குகிறது. பயிற்சி இலவசம். ஆனால் தேர்வுக்கு அழைக்கப்பட வேண்டுமானால், பிள்ளை ஆடுகிற வீடியோ மூன்று நிமிட அளவில் அனுப்ப வேண்டும். வீடியோ தெளிவாக, தொழில்முறையில் இருக்க வேண்டும். பெற்றோரின் வசதிக்காக ஒரு வீடியோ நிறுவனத்தின் தொலைபேசி எண்ணும் கீழே கொடுக்கப்பட்டிருந்தது. அக்கா அங்கே பேசிவிட்டுத்தான் வந்திருந்தாள். இரண்டு கேமரா, ஒரு ட்ரோன், பிள்ளை பிரகாசிக்கிற மாதிரி அவர்களே ஏற்பாடு செய்யும் ஓர் ஆட்டம், எல்லாம் உண்டாம். அவர்கள் சொன்ன தொகையில் அக்கா ஐந்து மாத வீட்டு வாடகை கட்டிவிடலாம்.

“அப்ப எதுதான் இலவசம்?” என்று கேட்டார் வீடியோக்காரர்.

“உள்ள போயிட்டா இலவசம். உள்ள போறதுக்குத்தான் காசு.”

அக்காவின் மகளுக்குப் பதின்மூன்று வயது. நான்கு வருடமாக நகராட்சி மைதானத்தில் ஆடுகிறாள். கூட ஆடும் பெண்கள் அவளைப் ‘பூட்டு’ என்று கூப்பிடுவார்கள் என்பது வரை வீடியோக்காரருக்குத் தெரியும். ஏன் என்று கேட்டதில்லை. வீட்டில் அவள் வாயே திறக்கமாட்டாள், அதனால் வந்த பெயராக இருக்கும் என்று அவராகவே நினைத்துக்கொண்டிருந்தார். அத்தான் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் ஒன்பது மாதம் கடலில். ஆகவே குடும்பத்தில் எதற்கும் ஆண் துணை வேண்டுமென்றால் அக்கா தம்பியைத்தான் தேடுவாள். வந்த பிறகு அவன் சொல்வதைக் கேட்பாளா என்றால் கேட்கமாட்டாள்.

தான் கல்யாணம் எடுக்கிறவன், பந்து உருண்டையாக இருக்கும் என்பதைத் தாண்டி அந்த விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாது என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

“அது தெரிஞ்சா போதும். மிச்சத்தை அவ பாத்துப்பா” என்றாள் அக்கா. போகும்போது காலரை நீவிவிட்டுப் போனாள். அத்தோடு விஷயம் முடிவாகிவிட்டது.

சனிக்கிழமை மைதானத்துக்குப் போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது அது. ஒரு பாதியில் புல், மறு பாதியில் சரளை. ஒரு கோலுக்கு வலை இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை. பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் ஒரு தபால்காரம்மா. காலையில் கடிதம் கொடுத்துவிட்டு, அதே சீருடையில், அதே பையில் பந்துகளைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். சம்பளம் கிடையாது. விசில்கூட அவருடைய சொந்த விசில்.

வீடியோக்காரர் முக்காலியை நட்டுவிட்டுத் தொழில் சுத்தமாக விசாரித்தார். முக்கியமான கட்டங்கள் எப்போது வரும், எங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்று கேட்டார். கல்யாண வீட்டில் மூத்த மாமாவிடம் இப்படித்தான் கேட்டுக்கொள்வது வழக்கம்.

“படிவத்துல சிறந்த அஞ்சு கோல் கேக்கிறாங்கம்மா. எங்க பொண்ணு எப்ப கோல் போடுவா?”

“அவ போடமாட்டா. மத்தவங்களைப் போட விடமாட்டா. அதுதான் அவ வேலை” என்றார் தபால்காரம்மா.

வீடியோக்காரருக்கு மனசு விட்டுப் போயிற்று. கல்யாணம் எடுக்கக் கூப்பிட்டுவிட்டு, ‘இங்கே கல்யாணம் கிடையாது, கல்யாணத்தை நிறுத்தப்போகிறோம், அதை அழகாக எடுங்கள்’ என்று சொன்ன மாதிரி இருந்தது அவருக்கு. ஆனாலும் எடுத்தார். பந்து போன இடமெல்லாம் கேமராவும் போயிற்று. வியர்த்துக் கொட்டியது.

மறுநாள் அக்காவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். எதிரணியில் குதிரைவால் கட்டிய ஒரு பெண் பந்தோடு பறந்து வருவாள். இரண்டு பேரைத் தாண்டுவாள், மூன்றாவது ஆளைத் தாண்டுவாள், பிறகு எப்படியோ பந்து அவளிடம் இருக்காது. திரும்பவும் வருவாள். திரும்பவும் பந்து போய்விடும். படம் முழுக்க அவள்தான். ஓரத்தில் அவ்வப்போது ஒரு முழங்கை தெரிந்தது.

“நல்லா எடுத்திருக்கே. இந்தக் குதிரைவால் பொண்ணுக்குக் கண்டிப்பா இடம் கிடைச்சிடும்” என்றாள் அக்கா. “எம்பொண்ணு எங்கடா?”

அவர் அந்த முழங்கையைக் காட்டினார்.

அடுத்த சனிக்கிழமை வட்டாரப் போட்டியின் இறுதி ஆட்டம். இந்தத் தடவை பந்தைத் துரத்தும் வேலையே வேண்டாம், தனக்குத் தெரிந்த தொழிலையே செய்வது என்று முடிவெடுத்துவிட்டார். கல்யாண மண்டபத்தில் என்ன நடந்தாலும், மேடை சரிந்தாலும், ஒரு கேமரா மணப்பெண்ணை விட்டு நகரக் கூடாது. அவர் தொழில் கற்றுக்கொண்டது அப்படித்தான். இங்கே மணப்பெண் பூட்டு. விசில் ஊதியதிலிருந்து ஒரு மணி நேரம் கேமராவை அவள்மேலேயே வைத்திருந்தார். அவள் நடந்தால் நடந்தது, நின்றால் நின்றது. நடுவில் எங்கோ பெரிய கூச்சல் கேட்டது. பூட்டின் அணி கோல் போட்டிருக்கிறது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்து யார் ஜெயித்தது என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தார். ஒரு மணி நேரமும் ஒரு பெண் நிற்கிறாள். இடப் பக்கம் பார்க்கிறாள், வலப் பக்கம் பார்க்கிறாள், தோளுக்கு மேலாகப் பின்னால் பார்க்கிறாள். கையை நீட்டி யாரையோ எங்கேயோ போகச் சொல்கிறாள். நான்கு அடி பின்னால் போகிறாள். பந்து எப்போதாவது உள்ளே வந்தால் காலால் ஒரு தட்டு, அது வெளியே போய்விடுகிறது. போக்குவரத்துக் காவலரை ஒரு மணி நேரம் எடுத்தால் இப்படித்தான் இருக்கும்.

இருந்தாலும் கைத்திறன் என்று ஒன்று இருக்கிறதே. மூன்று நாள் உட்கார்ந்து மூன்று நிமிடமாக்கினார். அவள் திரும்பிப் பார்க்கிற இடமெல்லாம் ஸ்லோமோஷன். பின்னணியில் வயலின். கை நீட்டும் இடத்தில் படம் உறைந்து, பொன்னெழுத்தில் ‘பூட்டு’ என்று வரும். கடைசியில் இதய வடிவத்துக்குள் அவள் முகம், மேலிருந்து ரோஜா இதழ்கள்.

அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார். பூட்டு பார்த்தாள்.

“மாமா, பூ எல்லாம் எடுத்துடுங்க.”

பூ, அந்த இதயத்தோடு சேர்ந்தே வருவது, தனியாக எடுக்க முடியாது என்று அவர் விளக்கினார்.

“அப்ப இதயத்தையும் எடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எடுத்தார். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணியோடு கெடு. ஐந்தேகாலுக்குத்தான் வேலை முடிந்தது. கீழே சாவிக்காரர் யாருக்கோ அவசரமாகப் பத்துச் சாவி வெட்டிக்கொண்டிருந்தார். மேசை கிடுகிடுவென்று ஆடியது. அகாடமியின் இணையதளம் இரண்டு தடவை பாதியில் நின்றது. மூன்றாவது தடவை ஐந்து ஐம்பத்தேழுக்கு, ‘நன்றி, பெற்றுக்கொண்டோம்’ என்று வந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தவர், ஏழு மணிக்குத்தான் திரையைச் சரியாகப் பார்த்தார்.

இறுதி ஆட்டத்தின் முழுப் படத்துக்கு அவர் ‘இறுதி’ என்று பெயர் வைத்திருந்தார். வெட்டி ஒட்டித் தயாரித்த இறுதி வடிவத்துக்கு ‘இறுதி-2’. போயிருந்தது ‘இறுதி’. மூன்று நிமிடத்துக்கு மேல் இருந்தால் ஏற்கப்படாது என்று படிவத்தில் தெளிவாக எழுதியிருந்தது. இணையதளம் படிவத்தைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

ஒரு மணி நேரப் படம் போனதுகூடப் பெரிதில்லை. அதில் அவர் குரலும் இருந்தது. பழக்க தோஷத்தில், “தாடையை இறக்கும்மா, கொஞ்சம் சிரிச்ச முகமா இரு” என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்திருந்தார். இருபதாவது நிமிடத்தில் ஒரு மாப்பிள்ளையின் அம்மா போன் செய்திருந்தார். சம்பந்தியம்மாவை வீடியோவிலிருந்து முழுசாக அழித்துவிட வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. “அவங்க பொண்ணோட அம்மாம்மா, நாலு இடத்துலயாவது இருக்கணும்” என்று வீடியோக்காரர் ஏழு நிமிடம் மன்றாடியது முழுவதும் பதிவாகியிருந்தது.

அக்காவிடம் சொன்னார். அக்கா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு பத்து நாள் கூப்பிடவே இல்லை.

பதினோராம் நாள் போன் வந்தது. பேசியவர் அகாடமியின் பயிற்சியாளர், ஒரு பெண். குரலில் தூக்கக் கலக்கம் போல ஒரு களைப்பு. தனக்கு முந்நூற்று நாற்பது வீடியோ வந்ததாகச் சொன்னார். எல்லாம் ஒரே நிறுவனம் எடுத்தவை, எல்லாவற்றிலும் ஒரே இசை.

“முந்நூத்தி நாற்பது பிள்ளைங்களும் கோல் போடுறாங்க சார். தடுக்கிறதுக்கு ஒரு ஆள் இல்ல. உங்களோடதை முழுசாப் பாத்தேன்.”

“முழுசாவா?” என்றார் வீடியோக்காரர் பலவீனமாக.

முழுசாகத்தான் பார்த்திருந்தார். பந்து வருவதற்கு முன்னாலேயே அந்தப் பெண் எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறாள், யாரை எங்கே நிறுத்துகிறாள் என்றெல்லாம் எண்ணி வைத்திருந்தார். பந்து இல்லாத நேரத்தில் ஒரு பிள்ளை என்ன செய்கிறது என்பதை யாருமே அனுப்புவதில்லை, இதை எடுத்தவர் ஆட்டம் நன்றாகத் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்றார். வீடியோக்காரர் மறுக்கவில்லை. பெண்ணை நேரடித் தேர்வுக்கு அழைத்துவிட்டு, போனை வைக்கும் முன் பயிற்சியாளர் கொஞ்சம் தயங்கினார்.

“கேக்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. அந்தச் சம்பந்தியம்மா கடைசில வீடியோவுல இருக்காங்களா?”

“நாலு இடத்துல விட்டிருக்கேன் மேடம்.”

“நல்லது” என்றார் பயிற்சியாளர். உண்மையிலேயே நிம்மதியான மாதிரி இருந்தது.

தேர்வு ஒரு சனிக்கிழமை. அகாடமி ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறி, கடைசிப் பஸ் திரும்பும் இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நடந்து போகிறவர்களை அந்தச் சாலை எதிர்பார்க்கவே இல்லை. ஓரத்தில் நடைபாதைகூடக் கிடையாது. அன்றைக்கு வீடியோக்காரருக்குப் பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்று இருந்தது. அதைத் தன் போட்டியாளருக்கு விட்டுக்கொடுத்தார். இருபது வருடத்தில் முதல் தடவை. போட்டியாளர் பயந்துபோய், உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று விசாரித்தார். விளக்குக் கம்பங்கள் ஏற்றும் வேனில் அக்காவையும் பூட்டையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

பெற்றோர் உட்காரக் கண்ணாடி போட்ட அறை. கோப்பை வைக்கக் கைப்பிடியில் ஓட்டை உள்ள மடக்கு நாற்காலிகளை எல்லாரும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்கள். பேச்செல்லாம் தனிப் பயிற்சி, உணவு ஆலோசகர், வெளிநாட்டுக் கோடைகால முகாம் என்றே இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு அப்பா மரியாதையாகத்தான் கேட்டார்.

“உங்க பொண்ணோட மனப் பயிற்சியை யார் பாத்துக்கிறாங்க?”

“எங்க அக்கா” என்றார் வீடியோக்காரர்.

அந்த அப்பா அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவருக்கு நேரம் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். சனிக்கிழமை தவிர மற்ற நாள் இஸ்திரி இருக்கிறது என்றாள் அக்கா. அவர் அதைப் புதிய பயிற்சி முறை என்று நினைத்துக்கொண்டு குறித்துக்கொண்டார்.

கீழே மைதானத்தில் பூட்டு வழக்கம்போல நின்றாள், திரும்பினாள், கையை நீட்டினாள். பந்து வந்தது, போயிற்று. அறையில் இருந்தவர்களில் யாரும் அவளைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவள் தேர்வாகிவிட்டாள் என்று கடிதம் வந்தது. கூடவே இன்னொரு தாளும் வந்தது. பயிற்சி இலவசம், ஆனால் அகாடமிக் கடையிலேயே வாங்க வேண்டிய சீருடை இரண்டு ஜோடி, புல்தரைக்கு ஒரு காலணி, செயற்கைத் தரைக்கு ஒரு காலணி, பல் மருத்துவரின் சான்றிதழ், பருவத்துக்கு ஒரு முறை ‘வளர்ச்சிப் பங்களிப்பு’. வாரத்தில் மூன்று நாள், மாலை நான்கு மணிக்கு. பெற்றோரே கொண்டுவந்து விட வேண்டும். அக்கா அதை இஸ்திரி மேசையில் வைத்துப் படித்தாள். படித்து முடிப்பதற்குள் யாருடையதோ ஒரு சட்டைக் கை தீய்ந்துவிட்டது. பதினைந்து வருடத்தில் அவள் தீய்த்த முதல் சட்டை அது.

அடுத்த திங்கட்கிழமை அக்கா அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அகாடமி அலுவலகத்துக்குப் போனாள். தம்பியையும் இழுத்துக்கொண்டு போனாள். மேலாளர் மென்மையான மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அவர் சட்டை நன்றாகக் கசங்கியிருந்தது, அக்காவுக்குக் கண் அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

“ஒரே ஒரு சந்தேகம் சார். இலவசம்னா என்ன?”

மேலாளர் விளக்கினார். பயிற்சிதான் இலவசம். மற்றவை பயிற்சிக்குத் தேவையானவை. பயிற்சிக்குத் தேவையானதைப் பயிற்சியில் சேர்க்க முடியாது, அது விதியிலேயே இருக்கிறது. அவர் பேசப் பேச அவருக்கே அது சரியாகப் படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அப்போது அந்தப் பயிற்சியாளர் உள்ளே வந்தார். ஆட்டங்களைப் படமெடுக்க அகாடமி வைத்திருக்கும் ட்ரோன்காரர்களைப் பற்றிப் பேச்சை எடுத்தார். மேலிருந்து எடுப்பதால் எல்லாப் பிள்ளைகளின் உச்சந்தலையும்தான் தெரிகிறது, காற்று அடித்தால் மேகம் தெரிகிறது. தனக்கு வேண்டியது ஒரு பிள்ளையை ஒரு மணி நேரம் விடாமல் பிடித்து வைக்கிற ஆள். இதோ இங்கே உட்கார்ந்திருக்கிறார்.

மேலாளர் வீடியோக்காரரிடம் விளையாட்டுத் துறையில் என்ன அனுபவம் என்று கேட்டார். நானூற்றுச் சொச்சம் கல்யாணம் என்றார் அவர். மேலாளர் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தாளைப் புரட்டினார்.

பேரம் முழுவதையும் அக்காதான் பேசினாள். தம்பி வாரம் மூன்று நாள் வந்து எடுப்பான். அதற்குப் பதில் பங்களிப்பு, சீருடை, காலணி எல்லாம் அகாடமியின் பொறுப்பு. பல் சான்றிதழை மட்டும் அவள் விட்டுக்கொடுத்தாள், பல்லை எப்படியும் காட்ட வேண்டியிருந்ததால். தம்பிக்கு வாரம் மூன்று நாள் மாலை வேலை போகிறதே என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கல்யாணங்களைக் காலை முகூர்த்தமாகப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்தது என்று மேலாளர் எழுந்தபோது அக்கா எழவில்லை. வேன் எப்படியும் வருகிறது, அதில் இன்னும் ஆறு பேர் உட்காரலாம், நகராட்சி மைதானத்தில் ஆடுகிற மற்றப் பெண்களையும் ஒரு நாள் வந்து பாருங்கள் என்றாள். அதற்கு வழிமுறை இல்லை, எல்லாரும் வீடியோ அனுப்ப வேண்டும் என்றார் மேலாளர். பயிற்சியாளர் அவரைப் பார்க்காமல், வியாழக்கிழமை தனக்கு விடுமுறை என்று மட்டும் சொன்னார்.

வந்தார். தபால்காரம்மா அவருக்கு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்தார். இரண்டு பேரும் முதல் அரை மணி நேரம் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள், அடுத்த ஒரு மணி நேரம் வாய் ஓயாமல் பேசினார்கள். மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார். கோலில் நின்ற பெண்ணிடம், நீ இன்னும் வளர வேண்டும், ஒரு வருடம் கழித்து வருகிறேன் என்றார். அவள் மறுநாளிலிருந்து கோல் கம்பத்தில் தொங்க ஆரம்பித்தாள். எதிரணியின் குதிரைவால் பெண்ணும் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தாள். அவளையும் சேர்த்து வேனில் ஐந்து பேர்.

முதல் செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து திரும்பும்போது பின்னால் நான்கு பெண்கள் விளக்குக் கம்பங்களுக்கு நடுவில் உட்கார்ந்து கத்திக்கொண்டு வந்தார்கள். வேன் முழுக்கச் சேறும் வியர்வையும் நாறியது. முன் இருக்கையில் பூட்டு. வீடியோக்காரர் பல வாரமாக மனதில் இருந்ததை மெதுவாகக் கேட்டார்.

“ஏம்மா, இந்தக் குதிரைவால் பொண்ணு அவ்வளவு வேகமா வர்றாளே. அவகிட்டயிருந்து பந்து எப்படிப் போகுது? நான் நூறு தடவை போட்டுப் பாத்துட்டேன், புரியல.”

பூட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள், கேலி செய்கிறாரா என்று. இல்லை என்று தெரிந்ததும் சொல்ல ஆரம்பித்தாள். அவள் வலது காலால்தான் தள்ளுவாள் மாமா, அதனால் அவளுக்கு இடப் பக்கம் வழி இருக்கிற மாதிரி காட்டணும், ஆனா அங்கே முன்னாடியே நம்ம ஆளை நிறுத்தி வெச்சிருக்கணும் என்று டாஷ்போர்டின் தூசியில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். பின்னாலிருந்து குதிரைவால் பெண் எட்டிப் பார்த்து, அப்படியெல்லாம் இல்லை என்று சண்டைக்கு வந்தாள். பூட்டு விடவில்லை. இதுவரை அவள் வாயிலிருந்து அவர் கேட்ட மொத்தச் சொற்களைவிட அதிகமாக அந்தச் சாலையில் பேசினாள். அவர் டாஷ்போர்டைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக ஓட்டி, திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டார். ஆறு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தார்கள். வேனில் இருந்த யாருக்கும் அது தெரியவில்லை.